அமெரிக்காவின் ஈராண்டு அட்டை: மணமக்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

நம் தோட்டங்களில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, பின்னர் மேற்கல்வி பெற்றுக் கடல் கடந்து வாழும் பிள்ளைகள் உளர். அவர்களுள் சிலர் அமெரிக்கக் குடிமக்களை மணந்து அங்குக் குடியேறுகின்றனர். அவ்வாறு சென்ற மகள், கணவரின் வேலை காரணமாகச் சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ வாழ நேரிடலாம். நோயுற்ற தாயாரைக் கவனிக்கக் கணவருடன் தோட்டத்திற்குத் திரும்பி, மாதக் கணக்கில் தங்கவும் நேரிடலாம். அப்பொழுது அவர் பெற்றுள்ள அமெரிக்க வாச உரிமை என்னவாகும்? இதனை மணமக்கள் மட்டுமன்றிப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

ஈராண்டு அட்டை என்பது யாது?

நம் நாட்டில் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்போரை நாம் அறிவோம். அவர்கள் குடிமக்கள் அல்லர். எனினும் இங்கு நிரந்தரமாக வாழும் தகுதி பெற்றவர்கள். அமெரிக்காவில் இத்தகைய தகுதியைக் காட்டும் அட்டையைப் பச்சை அட்டை என்பர்.

அமெரிக்கக் குடிமகனை மணந்த பெண், நிரந்தரவாசியாக ஏற்கப்படும் நாளில் மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறையவில்லையென்றால், அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் அட்டை வழங்கப்படும். இதுவே நிபந்தனையுடன் கூடிய நிரந்தரவாசத் தகுதியாகும். வாச உரிமைக்காகச் செய்து கொள்ளும் போலித் திருமணங்களைத் தடுப்பதற்காக, 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாக இம்முறை வந்தது. வேலை செய்யவும் பயணம் செய்யவும் மற்ற நிரந்தரவாசிகளுக்குள்ள உரிமை இவருக்கும் உண்டு.

மறக்கக் கூடாத 90 நாட்கள்

இந்த அட்டையைச் சாதாரணமாகப் புதுப்பிக்க இயலாது. நிபந்தனையை நீக்குமாறு கணவனும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்டு, ஐ-751 என்னும் பாரத்தை அனுப்ப வேண்டும். ஈராண்டு முடிவதற்கு முந்திய 90 நாட்களே அதற்குரிய காலம். சான்றாக, அட்டை 2027 டிசம்பர் 31ஆம் நாள் முடிவுறுமாயின், அக்டோபர் 2ஆம் நாள் முதல் மனுவை அனுப்பலாம். நாள் தவறினால் வாசத் தகுதி தானாகவே முடிவுறும். தக்க காரணம் காட்டி, தாமதத்தைப் பொறுக்குமாறு கேட்கலாம். அது ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை.

வெளிநாட்டில் இருப்பது இக்கடமையிலிருந்து விலக்கு அளிக்காது. வெளிநாட்டிலிருந்தும் மனுவை அனுப்பலாம். ஆனால் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால் அமெரிக்கா செல்ல வேண்டும். திருமணம் மெய்யானது என்பதற்குக் கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, காப்புறுதிப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் போன்றவற்றை இணைக்க வேண்டும். வெளிநாட்டில் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்டும் பத்திரங்களும் பயன்படும். ஆகவே, அவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வருவது அறிவுடைமை.

“ஆறு மாதத்திற்கு ஒரு முறை போய் வந்தால் போதுமா?”

போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். வாச உரிமை என்பது அங்கு வாழ்வதற்கே அளிக்கப்படுகிறது. வந்து போவதற்கு அன்று. 180 நாட்களுக்கு மேல் வெளியே இருந்து திரும்புவோரை அதிகாரிகள் கூடுதலாக விசாரிக்கக் கூடும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் வெளியே இருந்தால், அட்டையை மட்டும் காட்டித் திரும்பும் உரிமை இல்லை. அதற்குக் குறைந்த காலமே வெளியே இருந்தாலும், வீடும் தொழிலும் குடும்பமும் வேறு நாட்டிலேயே நிலைத்துவிட்டன என்று தோன்றினால், வாசத்தைக் கைவிட்டதாகக் கருத இடமுண்டு. கணவர் அமெரிக்கக் குடிமகன் என்பதும், அவருடன் சேர்ந்து வாழ்கிறோம் என்பதும் மட்டுமே இதற்கு மறுமொழி ஆகா.

எனவே, வெளியே இருப்பது தற்காலிகமே என்பதற்குச் சான்றுகள் வேண்டும். அங்குள்ள வீட்டையும் வங்கிக் கணக்கையும் விட்டுவிடாது வைத்திருத்தல், திரும்பும் நாளை உறுதிப்படுத்தும் வேலை ஒப்பந்தம், அமெரிக்க நிரந்தரவாசி என்ற முறையில் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குச் சமர்ப்பித்தல் ஆகியவை அத்தகைய சான்றுகள்.

நெடுநாள் வெளியே தங்க வேண்டுமாயின், மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இருக்கும்பொழுதே விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்திற்கு வந்த பின் இங்கிருந்து விண்ணப்பிக்க இயலாது. நிபந்தனையுடன் கூடிய வாசிக்கு இந்த அனுமதி, நிபந்தனையை நீக்க வேண்டிய நாளுக்கு அப்பால் செல்லாது. ஆகவே, இதனை வைத்திருப்பதால் ஐ-751 மனுவின் நாள் தள்ளிப் போகாது.

திரும்ப இயலாத நிலையில்

சில குடும்பங்கள் பல ஆண்டுகள் வெளிநாட்டிலேயே வாழ முடிவு செய்யக் கூடும். அந்நிலையில், ஆண்டுக்கு இருமுறை விமானக் கட்டணம் செலுத்தி அச்சத்துடன் அட்டையைக் காப்பதைவிட, அதனை முறைப்படி ஒப்படைத்து விடுவதும் ஒரு நேர்மையான வழியே. இதனால் திருமணத்திற்குக் குறைவில்லை. அமெரிக்காவில் குடியேறும் காலம் வரும்பொழுது கணவர் மீண்டும் மனுச் செய்யலாம். அதற்குள் மணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால், நிபந்தனையற்ற பத்தாண்டு அட்டையே கிட்டும்.

திருமணம் முறிந்தாலோ, கணவர் இறந்தாலோ, கொடுமைக்கு ஆளானாலோ, மனைவி தனியாகவே மனுச் செய்யும் வழியும் சட்டத்தில் உண்டு. கணவர் கையொப்பமிட மாட்டார் என்னும் அச்சத்தால் எந்தப் பெண்ணும் கொடுமையைச் சகித்திருக்கத் தேவையில்லை.

பச்சை அட்டை பெறுவதால் மலேசியக் குடியுரிமை போய்விடாது. ஆனால் பின்னர் அமெரிக்கக் குடியுரிமையை விரும்பி ஏற்றால், நம் அரசியலமைப்பின் 24ஆம் விதிப்படி மலேசியக் குடியுரிமையை அரசாங்கம் பறிக்கலாம். இதனையும் முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெற்றோரே, மகள் ஊர் திரும்பும் நாளில் அட்டையின் முடிவு நாளைக் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஐயம் எழுந்தால், இடைத்தரகர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாது, தகுதி பெற்ற அமெரிக்கக் குடிநுழைவு வழக்கறிஞரை நாடுமாறு சொல்லுங்கள். தாயைப் பார்க்க வந்த மகள் கணவரின் நாட்டிற்குத் திரும்பும் வழியை இழந்து நிற்றல் ஆகாது. உரிய காலத்தில் குறித்து வைக்கும் ஒரு நாள், பிற்காலத்துப் பெருந்துயரைத் தவிர்க்கும்.