கணக்கா? உனக்கா?

"அவனுக்குக் கணக்கு வராதுங்க!"

இந்த ஒரு வரியைக் கேளாத வீடு நம் தெருக்களில் உண்டா, தோழர்களே? ஆலைத் தொழிலாளி சொல்கிறார், அச்சுக் கோத்தவர் சொல்கிறார், கொத்தனார் சொல்கிறார். தம் மகனைப் பற்றி, மகளைப் பற்றி, ஏதோ பிறவிக் குறையைப் பேசுவது போலத் தலை குனிந்து சொல்கிறார். காய்ச்சல் வரும், கடன்காரன் வருவான், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவார். கணக்கு மட்டும் வராது! ஏன் வராது? வரும் வழியில் நின்று தடுப்பது யார்? அதைக் கேட்டோமா?

சொல்பவர் யார் என்று சற்றே பாருங்கள். அந்தக் கொத்தனார், கடைக்கால் போடும் இடத்தில் நூலைக் கட்டி, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று அளந்து, "மூலை சரி" என்று முடிவு கட்டுகிறவர். பள்ளிக்கூடத்துப் புத்தகம் பிதாகரஸ் தேற்றம் என்று பெரிய பெயர் சூட்டி அச்சடித்திருப்பதும் அதைத்தான். தந்தையின் கைக்கு வந்த கணக்கு, மகனின் ஏட்டுக்கு வர மறுக்கிறதாம்! கைக்கும் ஏட்டுக்கும் இடையே எங்கோ ஒரு கம்பி அறுந்து கிடக்கிறது. அறுந்த கம்பியைத் தேடாமல், "பையன் மண்டை மண்டையல்ல, களிமண்" என்று தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். எளிதான வேலையல்லவா அது!

அந்தக் கம்பியைத் தேடிப் போனவர் ஒருவர் உண்டு. சீமோர் பாப்பர்ட் என்பது அவர் பெயர். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வெள்ளையர் பிறந்த மண்ணில் வெள்ளையராகவே பிறந்தும், கறுப்பரை ஒதுக்கிவைத்த நிறவெறிக் கொள்கையை எதிர்த்து நின்றவர். அவர் தம் கணக்கு அறிவின் பிறப்பிடமாகச் சுட்டுவது எந்தக் கல்லூரியையும் அல்ல, பல்சக்கரத்தை! இரண்டு வயது நிரம்புமுன்பே மோட்டார் வண்டியின் உறுப்புகள் மீது மோகம். சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி விளையாடிய பிள்ளை, பள்ளியில் வாய்ப்பாடு வந்தபோது அதைப் பல்சக்கரமாகவே கண்டானாம். இரண்டு தெரியாத எண்கள் கொண்ட சமன்பாடு வந்தபோது, வண்டியின் பின்னச்சில் இருக்குமே டிஃபரன்ஷியல், அது நினைவுக்கு வந்ததாம். லாரிப் பட்டறைத் தோழர்களே, கேட்டீர்களா? உங்கள் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு கிடக்கும் அந்தச் சாமான்தான் ஒரு கணித மேதைக்கு அரிச்சுவடி!

வளர்ந்த பாப்பர்ட் எண்ணினார். எல்லாப் பிள்ளைக்கும் பல்சக்கரம் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா? ஒருத்திக்கு ஆட்டம் பிடிக்கும், ஒருவனுக்குப் படம் பிடிக்கும். அவரவர் விரும்பும் பொருளாக மாறக்கூடிய ஒரு பொருள் வேண்டும். அது கணிப்பொறி என்று கண்டார். 1967இல் அமெரிக்காவில், தோழர்கள் சிலரோடு கூடி, 'லோகோ' என்ற கணிப்பொறி மொழியைப் படைத்தார். அதற்கென ஓர் ஆமை பிறந்தது. முதலில் தரையில் ஊரும் சிறு எந்திரம். பின்னர் திரையில் நகரும் சிறு புள்ளி. பிள்ளை கட்டளையிட வேண்டும், ஆமை கீழ்ப்படிய வேண்டும். 'முன்னே 100 அடி, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' – இதை நான்கு முறை சொன்னால் சதுரம் தயார்.

சரி, முக்கோணம்? இங்கேதான் வேடிக்கை. முக்கோணத்தின் மூலை 60 பாகை என்று பள்ளியில் உருப்போட்ட பிள்ளை, '60 திரும்பு' என்கிறது. ஆமை கோடு போடுகிறது, திரும்புகிறது, மறுபடி போடுகிறது. மூன்று கோடு முடிந்தும் முக்கோணம் மூடவில்லை! வாயைப் பிளந்து நிற்கிறது படம். விடாமல் ஓட்டிப் பார்த்தால் ஆறு பக்கம் கொண்ட உருவமாகப் போய் முடிகிறது. வகுப்பறையாக இருந்தால் இங்கே என்ன நடக்கும்? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி! காதுக்கு ஒரு திருகு! ஆமையோ திட்டாது, சிரிக்காது, முட்டி போடச் சொல்லாது. பிள்ளை எழுந்து நின்று, தானே ஆமையாகி நடந்து பார்க்கிறது. அடடே, திரும்ப வேண்டியது உள்மூலை அளவல்ல, வெளியே! 60 அல்ல, 120! பிறகு தானாகவே ஒன்று தட்டுப்படுகிறது. மூன்று 120ம் 360. நான்கு 90ம் 360. ஆறு 60ம் 360. சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் பழையபடி நிற்க வேண்டுமானால், மொத்தத் திருப்பம் 360 ஆகத்தான் வேண்டும். ஐந்து பக்கத்துக்கு 72 என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓர் அடி நட, ஒரு பாகை திரும்பு, 360 முறை என்றால் வட்டமே வந்துவிடுகிறது – கண்ணுக்கு வட்டம், உண்மையில் 360 பக்கம்!

பாப்பர்ட் 1980இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் வைத்த வாதத்தின் உயிர் இதுதான்: எந்திரம் பிள்ளையை ஆட்டிவைக்கிறதா, பிள்ளை எந்திரத்தை ஆட்டிவைக்கிறதா? ஆண்டான் யார், ஏவலாள் யார்? நமக்குப் பழக்கமான கேள்வியல்லவா!

ஆமையின் வழியில் வேறு கருவிகளும் வந்தன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், 2001இல், மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய 'ஜியோஜீப்ரா' அவற்றிலே ஒன்று. திரையில் முக்கோணம் வரைந்து, ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம். நீளும், சாயும், சப்பையாகும். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கூட்டிப் பார்த்தால் 180. எப்படி இழுத்தாலும் 180! மாறுகிற கூட்டத்துக்குள்ளே மாறாத ஒன்று. கரும்பலகையில் அசையாது கிடக்கும் படம் இதைக் காட்டுமா? காட்டாது. ஆனால் ஒன்று: ஆயிரம் முறை இழுத்தாலும் அது நிரூபணம் ஆகிவிடாது. கண்டது போதும் என்பவன் பக்தன். ஏன் என்று கேட்பவனே கணக்குப் படிப்பவன். 'ஏன் 180?' என்ற கேள்வியைத் திரை எழுப்பும். அதற்கு விடை தேடப் பென்சிலும் தாளும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் வேண்டும்.

அப்படியானால் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தால் தீர்ந்தது என்று துள்ளுவோர் உண்டு. துள்ளிப் பார்த்த நாடு பெரு. தென்னமெரிக்காவின் அந்த ஏழை நாடு, 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வழங்கிற்று. திட்டத்தின் பின்னணியில் பாப்பர்ட்டின் எண்ணங்களே இருந்தன. 319 சிற்றூர்ப் பள்ளிகளில் ஆய்ந்து 2012இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? கணக்கிலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் அசையவே இல்லை! பெட்டி வந்தது, பாடத்தோடு அதைப் பிணைப்பது எப்படி என்ற பயிற்சி ஆசிரியருக்குப் போதிய அளவு வரவில்லை. ஏர் வாங்கிக் கொடுத்து, உழவு சொல்லித் தராவிட்டால் நிலம் விளையுமா?

இனி டில்லிக்கு வாருங்கள். 2015இல், அரசுப் பள்ளி நடுநிலை வகுப்பு மாணவர் 619 பேரைக் கொண்டு ஒரு சோதனை. குலுக்கல் போட்டு ஒரு பாதியை மாலை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருள் முன் 45 நிமிடம். சிறு குழுவாக, உதவி ஆசிரியரோடு 45 நிமிடம். நான்கரை மாதம் கழித்துப் பார்த்தால், போகாத பிள்ளைகள் கணக்கில் பெற்ற முன்னேற்றத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, போன பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். மாயமா? மந்திரமா? இல்லை. ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, சராசரியாக, கணக்கில் இரண்டரை வகுப்புப் பின்தங்கிக் கிடந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பள்ளம் நான்கரை வகுப்பு! மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு, ஆண்டுதோறும் புதிய புத்தகம் கொடுத்து, 'ஓடு, ஓடு' என்றது பள்ளி. அந்த மென்பொருளோ, பிள்ளை விழுந்து கிடந்த இடத்துக்கே இறங்கிப்போய்க் கை கொடுத்தது. முதலில் கேட்டோமே, அறுந்த கம்பி எங்கே என்று? அங்கேதான் அறுந்து கிடந்தது. 'வராது' என்று நாம் முத்திரை குத்தியது, பாதிவழியில் விட்டுவிட்டு வந்த பிள்ளையை!

நம் நாட்டிலே கருவிக்குப் பஞ்சமில்லை. 2011 முதல் மேல்நிலை வகுப்புக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2018 முதல் வந்த பாடநூல்களிலே கணக்குப் புத்தகத்தைப் புரட்டுங்கள். 'இணையச் செயல்பாடு' என்றொரு பக்கம், ஜியோஜீப்ரா படம், ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம். செல்போனைக் காட்டினால் திறக்கிறது. காசு கேட்பதில்லை. எத்தனை பேர் காட்டியிருக்கிறோம்? காட்டுவதற்குச் செல்போன் எங்கே இருக்கிறது? நம் சட்டைப் பையில்! காலை முதல் ஷிப்டுக்கு நம்மோடு கிளம்பிப் போய், இரவு நம்மோடு வீடு திரும்புகிறது. 2020இல் நோய்க்கு அஞ்சிப் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, ஒரு போனும் மூன்று பிள்ளையுமாக நம் குடும்பங்கள் பட்ட பாட்டை யாருக்குச் சொல்ல வேண்டும்? வசதி படைத்த வீட்டில் பிள்ளைக்கொரு கருவி, கருவிக்கொரு ஆசிரியர். கட்டணம் கட்டிப் படிக்கும் செயலிகளை விற்ற பைஜூஸ் நிறுவனம், 2021இல் அந்த ஜியோஜீப்ராவையே விலை பேசி வாங்கியதும், 2024இல் திவால் வழக்கில் சிக்கியதும் ஏடுகளில் வந்த செய்தி. ஊர்க் கிணற்றின் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது என்பதிலும் நமக்கு ஒரு கண் இருக்கட்டும்.

படிப்பகங்களை நடத்துகிறோம் அல்லவா? நாளிதழ் விரித்திருக்கும் மேசையின் ஓரத்தில் பழைய கணிப்பொறி ஒன்று வைக்க இடம் இருக்கும். ஜியோஜீப்ராவையும் லோகோவையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே ஓடும். கல்லூரி போகும் தம்பியோ தங்கையோ வாரத்தில் இரண்டு மாலை வந்து அமர்ந்தால் போதும். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒன்று சொல்லட்டும், ஒன்று தட்டட்டும். பெரியவர்கள் விசைப்பலகையில் கை வைக்க வேண்டாம். அந்த ஆசை நமக்கும் வரும், அடக்கிக் கொள்ளுங்கள். முதல் நாள் முக்கோணம் போடச் சொல்லுங்கள். 60 என்று தட்டுவார்கள். தட்டட்டும், திருத்தாதீர்கள்.