பாசனப் பலகையில் பிழை காண்பது எப்படி?

நீர்ப் பாசனத்தில் எப்போது பாய்ச்சுவது, எவ்வளவு பாய்ச்சுவது என்ற இரண்டு கேள்விகளே முக்கியமானவை. மண்ணின் ஈரத்தை அளந்து, தேவையான போது மட்டும் மோட்டாரை ஓட விடுவதற்கு மைக்ரோ கன்ட்ரோலர் எனப்படும் சிறு மின்னணுப் பலகைகள் உதவுகின்றன. விலை குறைவு என்பதால், ஓரளவு கணிப்பொறிப் பழக்கம் உள்ள விவசாயிகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இவற்றைத் தாங்களே அமைத்துக் கொள்ள முடியும்.

ஆனால், வீட்டு மேசை மீது ஒழுங்காக வேலை செய்த பலகை கிணற்று மேட்டுக்குப் போனதும் தவறு செய்வது உண்டு. இரவு முழுவதும் மோட்டார் ஓடினால் கிணறு வற்றிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரின் சுருள் கருகிவிடும். வேர்ப் பகுதியில் நீர் தேங்கினால் தக்காளி, மிளகாய், பப்பாளி போன்ற பயிர்கள் தாங்கா. எனவே பலகையை அமைக்கக் கற்பதோடு, அதில் பிழை காணவும் கற்றுக் கொள்ள வேண்டும்.

பலகையும் மொழியும்

இங்கிலாந்தில் உருவான ராஸ்ப்பெரி பை பிக்கோ என்னும் பலகை 2021 ஜனவரியில் வெளிவந்தது. இதன் நீளம் 51 மில்லிமீட்டர். அகலம் 21 மில்லிமீட்டர். இருபுறமும் சேர்த்து 40 கால்கள் உள்ளன. கம்பியில்லாத் தொடர்புக்கான வைஃபை வசதியுடன் கூடிய பிக்கோ டபிள்யூ 2022 ஜூனில் 6 டாலர் விலையில் வந்தது. இதன் வேலை நினைவகம் 264 கிலோபைட் மட்டுமே. ஈரம் அளந்து ஒரு ரிலேயை இயக்குவதற்கு இது தாராளமாகப் போதும்.

இத்தகைய பலகைகளுக்கென்றே சுருக்கி அமைக்கப்பட்ட கணிப்பொறி மொழி மைக்ரோபைத்தான். டேமியன் ஜார்ஜ் என்னும் இயற்பியல் அறிஞர் 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி இதை உருவாக்கினார். இதைப் பலகையில் ஏற்றுவது எளிது. பலகையில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக் கொண்டே யு.எஸ்.பி. கம்பியை லேப்டாப்பில் செருகினால், பலகை ஒரு பென் டிரைவ் போலத் திரையில் தோன்றும். மைக்ரோபைத்தான் கோப்பை அதற்குள் நகல் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பிக்கோவுக்கும் பிக்கோ டபிள்யூவுக்கும் கோப்புகள் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்டால் பதில் சொல்லும்

மைக்ரோபைத்தானின் சிறப்பு, பலகையுடன் கேள்வி பதில் முறையில் பேச முடிவதுதான். எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தோன்னி என்னும் இலவச மென்பொருளை லேப்டாப்பில் திறந்தால், கீழ்ப் பகுதியில் >>> என்ற குறி தெரியும். பலகை கேள்விக்குக் காத்திருக்கிறது என்பது இதன் பொருள். அங்கே 2-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொன்னால் 5 என்று உடனே பதில் வரும். கணக்கைப் போட்டது லேப்டாப் அல்ல, பலகைதான்.

இதே முறையில் ஈர சென்சாரையும் சோதிக்கலாம். முதல் வரியில் 'மெஷின்' என்னும் உள்தொகுப்பை அழைக்க வேண்டும். இரண்டாம் வரியில் ஜி.பி. 26 என்ற முனையை மின் அழுத்தம் அளக்கும் முனையாக அமைக்க வேண்டும். மூன்றாம் வரியில் அதைப் படிக்கச் சொன்னால் 0 முதல் 65,535 வரை ஓர் எண் கிடைக்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜி.பி. 26 என்பது 26-ஆவது கால் அல்ல, 31-ஆவது கால். கால்களை வரிசையாக எண்ணி 26-ஆவதில் இணைத்தால், அது ஜி.பி. 20 ஆகிவிடும். ஈரத்துக்கும் வரும் எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது.

சென்சாரை அளவு பார்த்தல்

இரண்டு உலோக முட்களைக் கொண்ட மலிவான சென்சார்களில் மண்ணுக்குள் மின்சாரம் பாய்வதால் முட்கள் விரைவில் அரிக்கப்படும். மேற்பூச்சுக்குள் தகடு மறைந்திருக்கும் கெப்பாசிடிவ் வகையே வயலுக்கு ஏற்றது. அதன் வெட்டு விளிம்புகளில் நீர் புகாதபடி எபாக்ஸி பசை அல்லது நகப்பூச்சு இரண்டு முறை பூச வேண்டும்.

பெரும்பாலான கெப்பாசிடிவ் சென்சார்களில் காய்ந்த நிலையில் எண் கூடும். ஈரத்தில் எண் குறையும். உதாரணமாக, காற்றில் 47,000 என்றும், குறியிட்ட கோடு வரை தண்ணீரில் வைத்தால் 22,000 என்றும் வருவதாகக் கொள்ளலாம். வயலில் 34,500 காட்டினால் அது இரண்டுக்கும் சரிபாதி. ஆனால் இதை மண்ணில் 50 சதவீத ஈரம் என்று நினைத்துவிடக் கூடாது. இது சென்சாரின் அளவுகோலில் பாதி என்பது மட்டுமே. உண்மையான ஈரத்தை அறிய, அதே இடத்து மண்ணில் 100 கிராம் எடுத்து 105 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடை போட வேண்டும். 82 கிராம் நின்றால், 18 கிராம் நீரை 82 கிராம் உலர் மண்ணால் வகுத்து, ஈரம் ஏறத்தாழ 22 சதவீதம் என்று கொள்ளலாம். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் கணக்கு மாறும். ஆகவே அடுத்த தோட்டத்துக்காரர் வைத்திருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக் கொள்வது சரியல்ல.

துணைத் தொகுப்புகளைச் சேர்த்தல்

பிறர் எழுதி வைத்த ஆணைகளின் தொகுப்பைப் பாக்கேஜ் என்பர். வெப்பமும் காற்று ஈரமும் அளக்கும் டி.எச்.டி. சென்சாருக்கான தொகுப்பு, பிக்கோவுக்கான மைக்ரோபைத்தானில் முன்பே உள்ளது. கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப உதவும் யூ.எம்.கியூ.டி.டி. போன்றவற்றைத் தனியே சேர்க்க வேண்டும்.

இதற்கு 'மிப்' என்னும் வசதி உள்ளது. பழைய குறிப்புகளில் காணும் 'யூபிப்' என்பதற்குப் பதிலாக வந்தது இது. பிக்கோ டபிள்யூ வைஃபையில் இணைந்திருந்தால், >>> குறியின் முன்னாலேயே மிப்பை அழைத்துத் தொகுப்பின் பெயரைச் சொன்னால் போதும். பலகை தானே இணையத்திலிருந்து இறக்கி, 'லிப்' என்னும் தன் உள் அறையில் வைத்துக் கொள்ளும். வைஃபை இல்லாத பிக்கோவுக்கு, லேப்டாப்பில் 'எம்.பி.ரிமோட்' என்னும் கருவியை நிறுவி, அதன் வழியாக இதே வேலையைச் செய்யலாம்.

சேர்த்தவுடன் அதே இடத்தில் தொகுப்பை ஒருமுறை அழைத்துப் பார்க்க வேண்டும். பலகை ஒன்றும் சொல்லாமல் மீண்டும் >>> குறியைக் காட்டினால் சரியாக அமைந்துவிட்டது. 'இம்போர்ட் எர்ரர்' என்று வந்தால் தொகுப்பு இல்லை, அல்லது வேறு இடத்தில் இருக்கிறது. கோப்பு பொருந்தவில்லை என்று வந்தால், தொகுப்பும் பலகையில் உள்ள மைக்ரோபைத்தானும் வெவ்வேறு பதிப்புகளுக்கு உரியவை என்று அறியலாம். லேப்டாப்புக்கென எழுதப்பட்ட பெரிய பைத்தான் தொகுப்புகள் பலகையில் ஓடா. இந்த வேலைகளை எல்லாம் வீட்டிலேயே முடித்துக் கொள்வது நலம். நன்றாக ஓடும் பலகையில், பயிர் நிற்கும் போது பதிப்பை மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

பிழைச் செய்தியைப் படித்தல்

புரோகிராம் நின்றுவிட்டால் பலகை சில வரிகளை எழுதிக் காட்டும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். என்ன பிழை என்பது அதில் இருக்கும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும்.

'நேம் எர்ரர்' என்றால் ஒரு பெயர் எழுத்துப் பிழையுடன் உள்ளது அல்லது முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. 'இன்டென்டேஷன் எர்ரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி தவறு. 'மெமரி எர்ரர்' என்றால் நினைவகத்தில் இடம் போதவில்லை. டி.எச்.டி. சென்சாரைப் படிக்கும் போது 110 என்ற எண்ணுடன் 'ஓ.எஸ். எர்ரர்' வந்தால், சென்சார் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். பெரும்பாலும் கம்பி இணைப்பே காரணமாக இருக்கும்.

பிழைச் செய்தியே வராமல் எண் மட்டும் தவறாக வருவதும் உண்டு. ஈர சென்சாரின் எண் 0-ஐ ஒட்டியே நின்றால், சென்சாருக்கு மின்சாரம் போகவில்லை அல்லது சமிக்ஞைக் கம்பி தரைக் கம்பியைத் தொடுகிறது. 65,535-ஐ ஒட்டியே நின்றால், அது 3.3 வோல்ட் கம்பியைத் தொடுகிறது. காரணமின்றி எண் தாவித் தாவி மாறினால் கம்பி அறுந்திருக்கலாம். சென்சார் தகட்டைக் கையால் பிடித்தால் எண் குறைய வேண்டும். குறையாவிட்டால் கோளாறு புரோகிராமில் அல்ல, இணைப்பில்தான் என்று முடிவு செய்யலாம்.

காலை 6 மணி 11.30 ஆவது ஏன்?

வீட்டில் சரியாகவும் வயலில் தவறாகவும் நடக்கும் பிழைகளுக்கு நேரக் கணக்கு நல்ல உதாரணம். பிக்கோவில் மின்சாரம் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். மீண்டும் மின்சாரம் வரும் போது அது 2021 ஜனவரி 1-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். லேப்டாப்புடன் இணைத்தால் தோன்னி சரியான நேரத்தைப் பலகைக்குக் கொடுத்துவிடுவதால் வீட்டில் இந்தக் குறை தெரியாது.

இணையத்திலிருந்து நேரம் பெற்றாலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கிருந்து வருவது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். இதைக் கூட்டாமல், காலை 6 மணிக்குப் பாய்ச்சுமாறு எழுதினால், நல்ல வெயிலில் 11.30 மணிக்கு மோட்டார் ஓடும். >>> குறியின் முன் பலகையிடம் நேரத்தைக் கேட்டுப் பார்த்தால் ஒரே நொடியில் காரணம் விளங்கும்.

மோட்டாரில் இணைக்கும் முன்

ரிலேயைச் சோதிக்கும் போது மோட்டார் இணைப்பு இருக்கவே கூடாது. ரிலே முனைக்கு 1 கொடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு 0 கொடுத்துப் பார்க்க வேண்டும். சில ரிலேக்கள் 1-க்கு இயங்கும். சில 0-க்கு இயங்கும். இது தெரியாமல் எழுதினால், நிறுத்து என்ற ஆணைக்கு மோட்டார் ஓடும். 1-க்கு இயங்கும் வகையையே வாங்குவது நல்லது. பலகை மறுதொடக்கம் ஆகும் போது பிக்கோவின் முனைகள் தாழ்நிலையில் இருப்பதால், அந்த நேரத்தில் மோட்டார் நின்றே இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓடும் புரோகிராமை நிறுத்த, கன்ட்ரோல் விசையுடன் 'சி' எழுத்தை அழுத்துவர். அப்போது புரோகிராம் நிற்குமே தவிர, ரிலே இருந்த நிலையிலேயே இருக்கும். மோட்டார் ஓடிக் கொண்டிருந்தால் ஓடிக் கொண்டேதான் இருக்கும். பிழையால் புரோகிராம் தானாக நின்றாலும் இதே கதைதான். இதைத் தடுக்க மைக்ரோபைத்தானில் 'ஃபைனலி' என்னும் பகுதி உண்டு. ரிலேயை நிறுத்தும் ஆணையை அதில் எழுதினால், எந்தப் பிழையால் நின்றாலும் கடைசியாக அது நிறைவேறும்.

புரோகிராம் நிற்காமல் ஓரிடத்திலேயே உறைந்து போனால், 'வாட்ச்டாக்' என்னும் காவல் கடிகாரம் உதவும். பிக்கோவில் இதற்கு உச்சமாக 8 நொடிக்குச் சற்று அதிகமான நேரம் வைக்கலாம். அதற்குள் புரோகிராமிடமிருந்து குரல் வராவிட்டால் பலகையை அது மறுதொடக்கம் செய்துவிடும். ஒருமுறை தொடங்கினால் இதை நிறுத்த முடியாது. ஆகவே பிழைகள் எல்லாம் நீங்கிய பிறகு, கடைசியாகவே இதைச் சேர்க்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சென்சார், ரிலே, நேரம், வைஃபை ஆகியவற்றைத் தனித்தனியே >>> குறியின் முன் சோதித்த பிறகே ஒரே புரோகிராமாக இணைக்க வேண்டும்.

2. சென்சார் எண், அளவு பார்த்த எல்லைக்கு வெளியே போனால், மண் காய்ந்துவிட்டது என்று கொள்ளாமல் மோட்டாரை நிறுத்துமாறு எழுத வேண்டும்.

3. மோட்டார் தொடர்ந்து ஓடக் கூடிய நேரத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைக்க வேண்டும். பலகையை நம்பாமல் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் தனி டைமர், நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் சாதனம், கையால் நிறுத்தும் சுவிட்ச் ஆகியவை இருக்க வேண்டும்.

4. கைப்பேசிக்குச் செய்தி போகாவிட்டாலும் பாசன வேலை தடைபடாதவாறு அமைக்க வேண்டும்.

5. அரை மணிக்கு ஒருமுறை ஈர அளவையும், பிழை வந்தால் அதன் செய்தியையும் பலகையிலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கச் செய்தால், மறுநாள் காரணம் தேட உதவும்.

பலகை வேலை செய்வது 3.3 வோல்ட்டில், மும்முனை மோட்டாருக்கு வருவது 400 வோல்ட்டுக்கும் மேல். ஆகவே ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செய்யும் இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே விட வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம், மோட்டாருக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கை ரிலேயில் இணைத்து வயலிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மின்தடை, வைஃபை துண்டிப்பு, மழை ஆகியவற்றைக் கடந்தும் விளக்கு உரிய நேரத்தில் எரிந்து உரிய நேரத்தில் அணைந்தால், அதன் பிறகு மோட்டாரை இணைத்துக் கொள்ளலாம்.