திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

ஜெர்மனியில் 1990-களில் ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வாங்கிய வீடுகளுக்கு ஒரே கம்பியில் மூன்று தொலைபேசி எண்கள் கிடைத்தன. வேண்டுமென்றால் பத்து வரை வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, ஃபேக்ஸுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் எட்டுக் கருவிகள் வரை மாட்டலாம். அழைப்பு வந்ததும், எந்த எண்ணுக்கு வந்திருக்கிறது என்ற தகவலை எக்ஸ்சேஞ்ச் எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும். அந்த எண் பதிந்திருக்கும் கருவி மட்டும் மணியடிக்கும். மற்றவை வாய் திறக்காது.

ஒப்பந்தக் கடிதம் தொலைந்துவிட்டால் எண்களைக் கண்டுபிடிப்பது எப்படி? பலரும் தங்கள் கைபேசிக்கே ஓர் அழைப்பு போட்டுப் பார்த்தார்கள். ஆனால், கருவியில் எண் பதியாமல் இருந்தாலோ தவறாகப் பதிந்திருந்தாலோ முதன்மை எண்தான் திரையில் வரும். மற்ற எண்கள் தெரியவே தெரியாது. கருவி சொல்லும் எண் அந்த இணைப்புக்கு உரியதுதானா என்று எக்ஸ்சேஞ்ச் சரிபார்க்கும். இல்லையென்றால் அதைத் தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த முதன்மை எண்ணைப் போட்டு அனுப்பும். சாதாரண வீட்டு இணைப்பிலிருந்து பொய் எண் வெளியே போக வழியில்லாமல் இருந்தது. அந்தக் கண்டிப்பை இழந்துவிட்டோம் என்பதுதான் என் கவலை.

ஓட்டை அப்போதே விழுந்தது. சரிபார்க்காமல் எந்த எண்ணையும் காட்டிக்கொள்ளும் வசதி, நிறுவனங்களுக்குத் தனிச் சேவையாகக் கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்து நோயாளியை அழைக்கும் மருத்துவர் கிளினிக் எண்ணைக் காட்ட அது உதவும் என்பார்கள், உதவும்தான். ஆனால் இணையவழி அழைப்புகள் பெருகிய பிறகு, அந்த வசதி மோசடிக்காரர்கள் கைக்கும் எளிதாகப் போய்விட்டது. ஜெர்மனியில் முதியவர்களின் போன் திரையில் 110 என்று வந்தது. அது அந்நாட்டுக் காவல்துறையின் அவசர எண். "உங்கள் தெருவில் திருடர்கள் நடமாட்டம், நகைகளை எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று ஒரு குரல் பேசியது. உண்மையில் காவல்துறை 110 என்ற எண்ணிலிருந்து யாரையும் அழைப்பதே இல்லை.

2022 டிசம்பர் முதல் அங்கே சட்டம் இறுகியது. அழைப்பவர் எண்ணாக 110, 112 ஆகிய அவசர எண்களைக் காட்டக்கூடாது. வெளிநாட்டிலிருந்து உள்நாட்டு எண்ணோடு வரும் அழைப்பில், ரோமிங்கில் இருக்கும் கைபேசி தவிர, எண்ணை மறைத்துவிட வேண்டும். இந்தியாவிலும் +91 போர்வையில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கியது. இரண்டுமே எல்லையில் வைக்கும் காவல். எண் புறப்படும் இடத்திலேயே, விதிவிலக்கில்லாமல், சரிபார்த்தாக வேண்டும். முப்பது வருடங்களுக்கு முன்பே முடிந்த காரியம் இன்று முடியாது என்று சொல்வதை ஏற்க முடியாது.

அதுவரை வங்கி, போலீஸ், கூரியர் என்று யார் பெயரில் அழைப்பு வந்தாலும், திரையில் தெரியும் எண்ணை வைத்து நம்பாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.