மலையில் கிடைத்த அடைக்கலம்

கோடைக்கானலுக்குக் காற்று வாங்கப் போகும் நம்மவர் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துத் திரும்புகிறார்கள். அந்த மலையின் சீகை மரக் காடுகளுக்குள் நடந்ததை அறிந்தவர் சொற்பமே.

1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை! 1977-ம் வருஷத்துக் கலகத்தில் அடிபட்ட பலர் உயிர் பிழைத்தாற் போதுமென்று கப்பலேறினர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து இறங்கியவர்களில் பல குடும்பங்கள் பழனி மலைக்கு வந்து சேர்ந்தன.

அங்கே கிடைத்தது மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் வேலை. கண்டிராக்டர் முன்பணம் கொடுப்பார். அது வளருமே தவிரத் தேயாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே பிறந்திருந்தும், 1980-களில் இவர்களிற் பலர் கொத்தடிமைகளாய் இருந்தது வெளிப்பட்டது.

ஸ்திரீகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் கொழுந்து பறித்தவள் தன் பெயரிலேயே பதிவான தொழிலாளி. இங்கோ கணவன் கைநாட்டு வைத்த கடனுக்கு அவளும் மகளும் உழைக்க வேண்டும். குடிசையோ நடுக்காட்டில், உற்றார் அருகில் இல்லை. மேஸ்திரி கெட்ட எண்ணம் கொண்டால் யாரிடம் முறையிடுவாள்? முறையிட்டால் வேலை போகும். வேலை போனாலும் கடன் போகாது.

இவ்வளவுக்கும் இவர்கள் சட்டப்படி அகதிகள் அல்லர், இந்தியப் பிரஜைகள். 1983-க்குப் பின் வந்த அகதிப் பெண்களுக்கோ அந்தக் காகிதமும் இல்லை. 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் நம் தேசம் கையெழுத்திடவில்லை. 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் காணோம்.