பம்பு இருந்தும் காற்று ஏறவில்லை! தங்கவயலில் ஒரு பித்தளைத் துண்டின் கதை

(நமது தங்கவயல் நிருபர்)

கோலார் தங்கவயலில் பொழுது விடிவதே ரெயிலோடுதான். மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டைக்குப் போகிறது. அங்கிருந்து பெங்களூரு. கட்டிட வேலை, கம்பெனி வேலை, காவல் வேலை, குமாஸ்தா வேலை என்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் தினமும் இப்படிப் போய் இரவில் திரும்புகிறார்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, இங்கே எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்தத் தண்டவாளம்தான்.

லைன் வீடுகளிலிருந்து ஸ்டேஷனுக்கு எப்படி வருவது? பைக் உள்ளவர்கள் பைக்கில் வருகிறார்கள். மற்றவர்களுக்கு நடை; அல்லது சைக்கிள். டயரில் காற்று இல்லையென்றால் வண்டி போய்விடும். வண்டி போனால் அன்றைய கூலியும் அதோடு போய்விடும்.

பஞ்சர் என்றால் விதி என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். டியூப்பில் ஓட்டை இல்லை, டயரும் புதுசு, பக்கத்திலேயே பம்பும் இருக்கிறது. ஆனால் பம்பின் மூக்கு டியூப்பின் வாயில் பொருந்தவில்லை என்றால் வயிறு எரியுமா, எரியாதா? கொஞ்ச காலமாக இந்தத் தொல்லை இங்கே அதிகமாகிவிட்டது. காரணம், பெங்களூருவிலிருந்து வந்திறங்கும் புது மாதிரி சைக்கிள்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் கியர் சைக்கிள், கைமாறி வரும் போட்டி சைக்கிள் எல்லாம் வருகின்றன. சமீபத்தில், சக்கரம் முழுதும் தட்டு போல மூடிய சைக்கிள்கூட ஒன்று வந்துவிட்டது. அந்தத் தட்டுச் சக்கரத்தின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மூன்று விதமான வாய்

சைக்கிள் டியூப்பின் வால்வில் மூன்று வகை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முதலாவது நம் அப்பா, தாத்தா ஓட்டிய சைக்கிளில் இருந்தது. சென்னை அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. என்று எதை எடுத்தாலும் இந்த வால்வுதான். உள்ளே ஒரு சின்னக் குச்சி; குச்சியின் பக்கத்தில் ஒரு துளை; அதன் மேல் மெல்லிய ரப்பர் உறை. அதைத்தான் வால்டியூப் என்கிறோம். பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் ரப்பர் துளையை மூடிக்கொள்ளும். வெயிலில் கிடந்து வால்டியூப் இற்றுப்போனால் ராத்திரி அடித்த காற்று காலையில் இருக்காது. பஞ்சர் என்று டயரைக் கழற்றுவதற்கு முன்னால் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்டியூப்பை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, பைக்கிலும் காரிலும் உள்ள தடித்த வால்வு. ஷ்ரேடர் என்று பெயர். சுமார் 8 மில்லிமீட்டர் கனம். நடுவில் ஒரு ஊசி, அதன் அடியில் ஸ்பிரிங். பம்பின் மூக்கு அந்த ஊசியை அமுக்கினால் காற்று சுலபமாக உள்ளே போகும். பிள்ளைகளின் கியர் சைக்கிளில் பெரும்பாலும் இதுதான். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம் என்பது இதன் சவுகரியம். ஆனால் அங்கே ஜாக்கிரதை தேவை. லாரி டயருக்கு அடிக்கும் காற்றை ஒரே மூச்சில் சைக்கிள் டியூப்பில் விட்டால் 'டமார்' என்று வெடித்துவிடும். விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, போட்டி சைக்கிள்களின் ஒல்லியான வால்வு. பிரெஸ்டா என்கிறார்கள். 6 மில்லிமீட்டர்தான் கனம். உச்சியில் ஒரு பொடி நட்டு இருக்கும். அதைத் திருகித் தளர்த்தி, விரலால் ஒரு தட்டு தட்டி, 'புஸ்' என்று சத்தம் வந்த பிறகுதான் பம்பை மாட்ட வேண்டும். அடித்து முடித்ததும் நட்டை மறுபடி இறுக்கிவிட வேண்டும். நட்டைத் தளர்த்தாமலே பம்பு அடித்துவிட்டு, டியூப் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இந்த மூன்றும் ஒரே காலத்துப் பிள்ளைகள். பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை வைத்தியர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்து, 1888-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு 8 வருஷம் முன்புதான் ஜான் டெய்லர் கம்பெனி நம் ஊரில் பூமியைத் தோண்ட வந்திருந்தது. டயர் வந்த சில வருஷங்களிலேயே இங்கிலாந்து ஒரு வால்வு, அமெரிக்கா ஒரு வால்வு, பிரான்ஸ் ஒரு வால்வு என்று ஆளுக்கு ஒன்று செய்துகொண்டார்கள். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அதன் பலனை ஆண்டர்சன்பேட்டையில் நாம் அனுபவிக்கிறோம்.

காற்றும் நம் ஊரும்

அமுக்கிய காற்றைப் பற்றித் தங்கவயல்காரனுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கியது. பாறையில் துளை போட்ட மெஷின்கள் காற்றில் ஓடியவை. மேலே கம்ப்ரெசரில் அமுக்கிய காற்று இரும்புக் குழாய் வழியாக இறங்கி, ரப்பர் ஹோஸ் வழியாக டிரில்லரின் கையில் இருந்த மெஷினுக்கு வரும். ஹோஸின் முனை மெஷினில் சரியாகப் பூட்டவில்லை என்றால் காற்று சீறிக்கொண்டு வெளியே போகும். எவ்வளவு பெரிய கம்ப்ரெசர் இருந்தும் பயன் இல்லை. சைக்கிள் பம்புக்கும் கணக்கு அதேதான். பெரிய பம்பு, விலை உயர்ந்த பம்பு என்பதெல்லாம் அப்புறம். முனை பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முனை பொருந்தாத இடத்தில் மாட்டும் சிறு துண்டுக்குத்தான் அடாப்டர் என்று பெயர். சாதாரணமாகத் தேவைப்படுவது, பிரெஸ்டா வால்வின் மேல் திருகி அதை ஷ்ரேடர் வாயாக மாற்றிவிடும் பித்தளைத் துண்டு. சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒரு வேளை டிபன் காசுதான். அதை மாட்டிவிட்டால் பைக் பம்பிலும் காற்று அடிக்கலாம், பெட்ரோல் பங்கிலும் பிடிக்கலாம். வாங்கும்போது உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷர் இல்லாத துண்டு காற்றைப் பிடிக்காது. மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று கையில் திருகியும் பாருங்கள். மொட்டை மரை வால்வின் மரையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வால்டியூப் வால்வின் மேல்வாயும் பிரெஸ்டாவின் மேல்வாயும் ஏறக்குறைய ஒரே கனம். பிரெஸ்டாவுக்கு என்று செய்த, அழுத்தி மாட்டும் பம்பு மூக்கு நம் பழைய சைக்கிளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வீட்டில் இரண்டு சைக்கிளும் இருந்தால் ஒரு பம்பே போதும்.

ரிம்மில் ஓட்டை போடாதீர்கள்

அடாப்டர் கிடைக்கவில்லை என்றதும் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்கிறார்கள். "ரிம் ஓட்டையை டிரில் போட்டுப் பெரிசு பண்ணிட்டா பைக் வால்வு டியூப்பே போட்டுக்கலாம்" என்பது அந்த யோசனை. கேட்காதீர்கள். பிரெஸ்டாவுக்கு ரிம்மில் சுமார் ஆறரை மில்லிமீட்டர் ஓட்டை, ஷ்ரேடருக்கு எட்டரை. போட்டி சைக்கிளின் ரிம் ஒடுக்கமானது. அதில் இரண்டு மில்லிமீட்டர் தின்றுவிட்டால் அந்த இடம் பலவீனமாகிவிடும். கார்பனில் செய்த சக்கரம் என்றால் பேச்சே இல்லை. டிரில் முனை பட்டாலே சக்கரம் பாழ். சில ரூபாய் துண்டுக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய்ச் சக்கரத்தைப் பலி கொடுப்பதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரிய ஓட்டை உள்ள ரிம்மில் ஒல்லி வால்வு டியூப்பைப் போட்டால், வால்வு அங்கும் இங்கும் ஆடி அடிப்பக்கம் அறுந்துவிடும். ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் வைத்துப் போட வேண்டும்.

தட்டுச் சக்கரம்

இப்போது அந்தத் தட்டுச் சக்கரத்துக்கு வருகிறேன். பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் ஊர் வாலிபர் ஒருவர், போட்டியில் ஓடிய பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். பின்சக்கரத்தில் போக்ஸ் கம்பியே இல்லை. ரிம்மிலிருந்து ஹப் வரை ஒரே தட்டு. தெருப்பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் காற்று இறங்கிவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனார். பெரியவரின் தகப்பனார் மைன்சில் டிரில்லராக இருந்தவர்.

பெரியவர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ரிம்முக்குப் பக்கத்தில், தட்டில் தீப்பெட்டி அளவு ஒரு பள்ளம். அதற்குள்ளே வால்வின் தலை தெரிகிறது. ஆனால் பம்பின் மூக்கை நேராக நுழைக்க இடம் இல்லை.

"இன்னா நைனா இது! வாயை உள்ளார வெச்சிட்டு மேலே கதவு போட்டாப்ல இருக்குது. எங்கிட்ட இருக்கிற மூக்கு எதுவும் உள்ளே போவாதே!"

"பித்தளை அடாப்டர் மாட்டிப் பாக்கலாமா, பெரியப்பா?"

"மாட்டினா வால்வு இன்னும் உசந்துக்கும். அப்புறம் பம்பு எங்கே நிக்கும்? வளைஞ்ச மூக்கு வாங்கியா."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தட்டுச் சக்கரத்தில் வால்வு எந்த வகை என்பது மட்டும் பிரச்சினை இல்லை. எட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்பதும் பிரச்சினை. இதற்கென்றே வளைந்த அடாப்டர்கள் விற்கின்றன. ஒரு வகை, 'ட' எழுத்தைப் போல நேர்க்கோணத்தில் மடங்கிய சிறு முழங்கை. பள்ளத்துக்குள் வால்வின் மேல் மாட்டினால் மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பம்பை மாட்டலாம். இன்னொரு வகை, பம்பின் குழாய் முனையிலேயே பொருத்தும் மெல்லிய வளைந்த மூக்கு. விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை போகிறது.

எதை வாங்குவது? அழுத்தி மாட்டும் முனையா, திருகி மாட்டும் முனையா என்று முதலில் பாருங்கள். திருகும் முனை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கழற்றும்போது சில சமயம் வால்வின் உள்பாகத்தையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். அடித்த காற்று அத்தனையும் போய்விடும். அழுத்தும் முனையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தால், காற்று ஏற ஏற அதுவே துள்ளி வெளியே வரும். போட்டி டயருக்கு 80, 100 பவுண்டு என்று அடிக்கிறார்கள். நம் சாதாரண சைக்கிளுக்கு அதில் பாதி போதும். அந்த அழுத்தத்தில் அடாப்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் பம்பு அடிக்க வேண்டும். பள்ளம் கீழ்ப்புறமாகப் பக்கவாட்டில் வரும்படி சக்கரத்தை நிறுத்தினால் குழாயின் கனம் வால்வை இழுக்காது.

வால்வின் நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் அடாப்டருக்குப் பிடி கிடைக்காது. நீளமாக இருந்தால் பள்ளத்தின் எதிர்ச்சுவரில் இடித்து அடாப்டர் நுழையாது. புது டியூப் வாங்கும்போது பழையதை எடுத்துப்போய் அதே நீளம் கேட்டு வாங்குவது நல்லது.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்குத் தட்டுச் சக்கரம் என்று கேட்பீர்கள். சுழலும் போக்ஸ் கம்பிகள் காற்றைக் கடைந்துகொண்டே போகின்றன. தட்டு அப்படிக் கடைவதில்லை. 1984 ஜனவரியில் இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர், மெக்சிகோ நகரில் தட்டுச் சக்கர சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 51 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை செய்தார். அதன் பிறகுதான் இந்தச் சக்கரத்துக்கு மவுசு பிறந்தது. ஆனால் பக்கக் காற்று அடித்தால் தட்டு பாய்மரம் ஆகிவிடும். ஹவாய் தீவில் கோனா நகரில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில் இதே காரணத்துக்காகத் தட்டுச் சக்கரத்துக்கு நீண்ட காலம் அனுமதி இல்லாமல் இருந்தது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் பங்காருபேட்டை ரோட்டுக்கு இது ஏற்றதல்ல என்பது என் அபிப்பிராயம். அந்த வாலிபரும் வேலை நாட்களில் சாதாரணச் சக்கரம் போட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறார்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'டிஸ்க் வீல்' வேறு, 'டிஸ்க் பிரேக்' வேறு. பிள்ளைகளின் சைக்கிளில் ஹப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டு சுற்றுகிறதே, அது பிரேக். அந்தச் சக்கரத்தில் வால்வு திறந்த வெளியில்தான் இருக்கிறது. எந்த பம்பும் தாராளமாக எட்டும். "டிஸ்க் சைக்கிளா? அப்போ இதுதான் வேணும்" என்று யாராவது வளைந்த அடாப்டரை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். அது பிள்ளையின் நோட்டுப் புத்தகக் காசு.

எந்த வால்வானாலும் மூடியைத் தொலைக்காதீர்கள். காற்றுக் காலத்தில் சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் பொடி எங்கே புகுகிறது என்று நம் ஊர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். மூடி வைத்த சோற்றுப் பானைக்குள்ளேயே புகும். திறந்து கிடக்கும் வால்வைச் சும்மா விடுமா?

பெங்களூருவில் அடாப்டர் வாங்கப் போகிறவர்கள், பெயரைச் சொல்லிக் கேட்டு ஏமாற வேண்டாம். கிழிந்த பழைய டியூப் இருந்தால் வால்வோடு ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தட்டுச் சக்கரம் என்றால் அந்தப் பள்ளத்தின் நீளம், அகலம், ஆழத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆண்டர்சன்பேட்டைப் பெரியவர் இப்போது பித்தளைத் துண்டு நாலு வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வளைந்த மூக்கு மட்டும் அவரிடம் இல்லை. "ஒரே ஒரு சைக்கிளுக்காக அவ்ளோ துட்டு போட முடியுமா நைனா?" என்கிறார்.