கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? எஸ்.எம்.பி.எஸ். மாற்றும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

மழை பெய்தது, கரண்ட் போனது, இரண்டு மணி நேரத்தில் திரும்பவும் வந்தது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டர் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேளம்பாக்கம், படூர், தாழம்பூர் பக்கம் பலருக்கும் பழக்கமான தலைவலி இது. சிறுசேரி சிப்காட் கம்பெனிகளுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும், ஆன்லைனில் படிக்கும் மாணவர்களுக்கும் அன்றைய நாளே போச்சு.

உடனே எல்லோரும் சொல்வது, "எஸ்.எம்.பி.எஸ். அவுட்" என்பதுதான். சில நேரம் அது உண்மை. ஆனால் செக் பண்ணாமல் புதுசு வாங்கினால் காசு வீணாகலாம். தெரியாமல் அதைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது?

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை கம்ப்யூட்டருக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். பிளக் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் 5 வோல்ட் மட்டும் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

நாம் அழுத்தும் பவர் பட்டன் நேராக மின்சாரத்தை ஆன் செய்வதில்லை. அது மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் தருகிறது. மதர்போர்டு பச்சை வயர் வழியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸை எழுப்புகிறது. வோல்டேஜ் சீரானதும், அரை நொடிக்குள் "எல்லாம் ரெடி" என்று எஸ்.எம்.பி.எஸ். பதில் சிக்னல் அனுப்பும். அதன் பிறகுதான் பிராசஸர் வேலையைத் தொடங்கும். ஆக பட்டன், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய மூன்றில் எது சொதப்பினாலும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் ஆன் ஆகாது.

கரண்ட் வந்ததும் ஏன் பழுதாகிறது?

மின்சாரம் திரும்பும் நொடியில் வோல்டேஜ் திடீரென எகிறலாம். இதைவிட மோசமானது நியூட்ரல் கட் ஆவது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் துண்டானால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக்கூட ஏறலாம். சில லைட்டுகள் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும், சில மங்கலாகவும் எரிந்தால் உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு போன் செய்யுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரம் இல்லாமல் போனது. அதுபோன்ற நாட்களில் கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றி வைப்பதுதான் செலவில்லாத பாதுகாப்பு. ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

கேளம்பாக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலும் கழிமுகமும் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். நாளடைவில் ரேம், கனெக்டர் பின்களில் களிம்பு படிந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போகலாம். அப்போது எஸ்.எம்.பி.எஸ். நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டிலேயே செக் பண்ணுவது எப்படி?

வெளியில் இருந்து உள்ளே போக வேண்டும். இதுதான் முக்கியம்.

1. அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதைத் தவிர்த்து நேராக சுவரில் சொருகுங்கள்.

2. பவர் கேபிளை மாற்றுங்கள். பல மானிட்டர்களின் கேபிளும் இதுவும் ஒன்றுதான்.

3. பின்பக்கம் உள்ள சிறிய ஸ்விட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். பழைய மாடல்களில் சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது கண்டிப்பாக 230-ல் இருக்க வேண்டும். 115-க்கு மாற்றி பிளக் போட்டால் எஸ்.எம்.பி.எஸ். காலி.

4. பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பிளக் போட்டு ஆன் செய்யுங்கள். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

5. மீண்டும் பிளக்கைக் கழற்றி கேபினெட்டைத் திறங்கள். 24 பின் கனெக்டரையும், பிராசஸர் அருகே உள்ள 4 அல்லது 8 பின் கனெக்டரையும் அழுத்திச் சொருகுங்கள். ரேமைக் கழற்றி, பின்களை மென்மையாகத் துடைத்து மாட்டுங்கள். ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி பொருட்களைக் கழற்றிவிட்டு முயற்சி செய்யுங்கள். இப்போது ஆன் ஆனால், கழற்றிய ஒன்றில் கோளாறு இருக்கலாம்.

பேப்பர் கிளிப் டெஸ்ட் நம்பலாமா?

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லா இணைப்புகளையும் கழற்றி, பிளக் போடாத நிலையில், 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள். பிறகு ஆன் செய்தால் ஃபேன் சுற்ற வேண்டும். மெக்கானிக்குகள் பல காலமாகச் செய்யும் சோதனை இது.

ஆனால் ஃபேன் சுற்றினாலே நல்லது என்று அர்த்தம் இல்லை. லோடு ஏறும்போது வோல்டேஜ் படுத்துவிடலாம். சில புதிய மாடல்களில் லோடு இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது. எனவே மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தாலோ, கம்பெனி கம்ப்யூட்டர்களில் வரும் வேறு மாதிரி கனெக்டராக இருந்தாலோ இந்த டெஸ்ட்டை வீட்டில் செய்யாமல் கடைக்குக் கொண்டு போவது நல்லது.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

கருகிய வாசனை, 'டப்' என்ற சத்தம், பிளக் போட்டதும் வீட்டு எம்.சி.பி. விழுவது ஆகியவை தெளிவான அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்ப ஆன் செய்து பார்க்கவே கூடாது. மழைநீர் புகுந்த கேபினெட்டுக்கும் இதே விதிதான்.

திறக்கவே கூடாது, ஏன்?

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் சேர்ந்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கலாம். ஃபியூஸ் மாற்றலாம் என்று ஸ்க்ரூவைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டியும் போய்விடும். பில்லைத் தேடி எடுத்து வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதுசு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வரை போவதாக இருந்தால், பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். அங்கேயே டெஸ்ட் செய்யச் சொல்லி, பழுது உறுதியான பிறகு வாங்கினால் போதும். எடை குறைவான, பெயர் தெரியாத மலிவு மாடல்களைத் தவிருங்கள். அது பழுதானால் மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். பழையதைக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

பிளக் பாயிண்டில் தொடங்கி எஸ்.எம்.பி.எஸ். வரை வரிசையாகப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு லூஸ் கேபிளுக்காக புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் செலவு அதில் மிச்சமாகலாம்.