மேசையில் எண்ணிய இதழ்கள், சர்வரில் ஏறும் கணக்கு

திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி இதழ் படிக்க வேண்டுமென்றால் அன்று பஸ் ஏறுவது ஒன்றுதான் வழி. அருப்புக்கோட்டைக் கல்லூரி நூலகத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். சீமைக்கருவேலம் கண்மாயை என்ன செய்கிறது என்று நாலு கட்டுரை பார்க்க ஒரு பகல் போய்விடும். 'படித்த இதழை அலமாரியில் வைக்காதீர்கள், மேசையிலேயே விடுங்கள்' என்று நூலகங்களில் எழுதி வைப்பார்கள். சாயங்காலம் நூலகர் மேசையில் கிடப்பதை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவார். அடுத்த ஆண்டு எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பேச அதுவே ஆதாரம். கச்சாக் கணக்குதான். ஆனால் யார் எடுத்தார், எதற்காகத் தேடினார் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று எண்ணுவது பதிப்பகத்தின் சர்வர். ஆளுக்கொரு விதமாக எண்ணக் கூடாதென்று 2003-இல் 'கவுண்டர்' என்ற பொது விதிமுறை வந்தது. ஒரே இணைப்பை 30 விநாடிக்குள் இருமுறை தட்டினால் ஒன்றுதான். ஒரே அமர்வில் ஒரு கட்டுரையைத் திரையில் திறந்து, பிடிஎஃப்பாகவும் இறக்கினால் மொத்தக் கணக்கில் இரண்டு, தனிக் கணக்கில் ஒன்று. சந்தாத் தொகையை இந்த எண்ணால் வகுத்து, ஒரு கட்டுரைக்கு என்ன விலை விழுகிறது என்று பார்த்து, இதழை வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த வகுத்தல் எங்கள் கரிசல் சீமைக்கு நியாயம் செய்யாது. ஒரு மாணவி இறக்கிய கட்டுரையை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வகுப்பே படிக்கும். சர்வருக்கு அது ஒரு தடவைதான். படிக்க வழி இல்லாமலும் இல்லை: கல்லூரிகளுக்கு 6,000-க்கு மேற்பட்ட மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் திட்டம் 2010-இலேயே வந்துவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா', மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பெரிய கொடை இது, மனதார வரவேற்கிறேன். ஆனாலும் பாஸ்வேர்டு கைக்கு வராத பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. எண் குறைவாக இருப்பதைக் காட்டி இங்கே படிக்க ஆளில்லை என்று சொன்னால் வயிறெரிகிறது.

கவுண்டர் அறிக்கைகளில் இன்னொரு பட்டியலும் உண்டு: சந்தா இல்லாததால் திறக்க முடியாமல் போன முயற்சிகள். நூலகக் குழுக் கூட்டத்தில் முதலில் அதை எடுத்து வையுங்கள். ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் முதுகலைப் பிள்ளைகளை நூலகத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு கணக்கு பதிந்து, அவரவர் போனிலேயே ஒரு கட்டுரையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.